தூணை எண்ணாதீங்க, பாத்ரூமை எண்ணுங்க! 38 நாளில் ஒரு செட்டிநாட்டுக் கல்யாணம்

மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா வீட்டு ஹாலில் பஞ்சாங்கம், லேப்டாப், ஆறிப்போன காபி மூன்றும் ஒரே மேஜையில் இருந்தன. தை மாதம் மாமல்லபுரத்தில் கடற்கரை ரிசார்ட் என்று முடிவாகியிருந்த அக்காவின் கல்யாணம், அன்று வந்த ஒரு போன் காலில் ஆனிக்குத் தாவிவிட்டது.

மாப்பிள்ளைக்கு நெதர்லாந்தில் வேலை. ஆகஸ்ட்டில் சேரச் சொல்லிவிட்டார்கள். அக்கா விசாவுக்கு விண்ணப்பிக்கணும் என்றால் திருமணச் சான்றிதழ் வேணும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஜோசியர் பார்த்துச் சொன்ன ஒரே முகூர்த்தம் 38-வது நாள், ஒரு புதன்கிழமை. ரிசார்ட்டில் அந்தத் தேதி இல்லை. கட்டிய அட்வான்ஸும் திரும்பாது என்றார்கள். (கேன்சலேஷன் விதியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான்.)

அதைவிடப் பெரிய விஷயம் அம்மாச்சி. சிவகங்கையில் இருக்கிறார், வயது 84. மார்ச்சில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். சென்னை வரைக்கும் காரில் உட்கார வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தைக்குள் தேறிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் மாமல்லபுரமே முடிவானது.

"அம்மாச்சி ஒரு மணி நேரத்துல வந்து சேர்ற மாதிரி இடமா பாருங்க. இல்லைன்னா சென்னையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திட்டுப் போறேன்" என்றாள் அக்கா. சிவகங்கையில் நல்ல மண்டபங்கள் எல்லாம் ஆடிக்கு முந்தைய முகூர்த்தங்களுக்கு எப்போதோ போய்விட்டன. அப்படித்தான் காரைக்குடிப் பக்கம் கண் போனது. மாப்பிள்ளை வீடு மதுரை என்பதால் அவர்களுக்கும் வசதி.

செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை. காரைக்குடியைச் சுற்றி கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டி வணிகம் செய்த நகரத்தார் கட்டிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி மேல் வார்த்து எடுக்கும் ஆத்தங்குடிக் கல். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இந்த ஊர்கள் இடம்பிடித்தன.

இந்த வீடுகள் தினசரி வாழ்க்கையைவிட விசேஷங்களை நினைத்தே கட்டப்பட்டவை. முகப்புத் திண்ணையில் ஆண்கள் உட்கார, நடு வளவில் சடங்கு நடக்க, இரண்டாங்கட்டில் பந்தி போட, அதற்கும் பின்னால் அடுப்படி. வளவைச் சுற்றியுள்ள அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. நகரத்தார் குடும்பங்கள் எங்கே வாழ்ந்தாலும் கல்யாணத்துக்கு இங்கே வருவார்கள். அவரவர் நகரக்கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். நாங்கள் நகரத்தார் இல்லை. ஆனால் இப்போது பல வீடுகளை வெளியாருக்கும் விசேஷங்களுக்கு விடுகிறார்கள்.

ஐந்தாவது நாள் நானும் மாமாவும் போய் மூன்று வீடுகள் பார்த்தோம். முதல் வீட்டு வளவில் நின்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. மேலே திறந்த வானம், சுற்றிலும் வரிசையாகத் தூண்கள். போனில் இருநூறு படம் எடுத்திருப்பேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சிரித்தபடி, "எல்லாரும் தூணைத்தாம்மா எண்ணுறாங்க. பாத்ரூமை எண்ணுங்க" என்றார். எண்ணினோம். கொல்லைப்பக்கம் மூன்று. நூற்றைம்பது பேருக்கு மூன்று! மகன்களுக்கான அந்த அறைகளும் பெட்டி, பாத்திரம் வைக்கக் கட்டியவை, நாலு பேர் படுத்து எழ முடியாது. ஆக, வீட்டில் கல்யாணம், காரைக்குடி லாட்ஜில் தங்கல் என்று பிரித்துக்கொண்டோம். கூடுதலாக நாலு வாடகை டாய்லெட்டும் மதுரையிலிருந்து வந்தது. இதைக் கல்யாண வீடியோவில் யாரும் காட்டமாட்டார்கள்.

இரண்டாவது சிக்கல், பங்காளிகள். இந்த வீடுகள் பலவற்றுக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. சாவி ஒருவரிடம், சம்மதம் ஏழு பேரிடம். எங்களுக்குப் பிடித்த வீட்டில் ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். ஏழாமவர் மலேசியாவில் இருந்தார். பதில் வர நாலு நாள் ஆனது. 38-ல் நாலு என்பது எவ்வளவு என்று பெரியம்மாவின் பிபி மாத்திரைக்குத்தான் தெரியும். வாடகை பேசுவதற்கு முன்பே, "எல்லாப் பங்காளிகளும் சரின்னு எழுத்துல தந்திருக்காங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நாங்கள் செய்த தப்பு. வீடு கிடைத்த பிறகு சமையலுக்குத் தேடினோம். தலைகீழ்! ஆனி முகூர்த்தத்தில் வீடுகூட கிடைத்துவிடும், கைராசியான சமையல் ஆள் கிடைக்கமாட்டார். நாங்கள் கேட்ட மூன்று பேருக்கும் அன்று வேறு வீட்டில் வேலை. கடைசியில் வந்தவர், "காலைப் பலகாரம் நான் சொல்றதுதான்" என்ற நிபந்தனையோடு வந்தார். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. நாங்கள் கேட்ட பாஸ்தா கவுன்ட்டரைக் காதிலேயே வாங்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி.

600 பேர் லிஸ்ட் 150 ஆன கதையை எழுதினால் சொந்தங்கள் இதையும் படிக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ரயில்தான் அடுத்த இடி. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. 38-வது நாளில் தேடிய எங்களுக்கு எழும்பூரிலிருந்து காரைக்குடி போகும் பல்லவனில் காத்திருப்போர் பட்டியல்தான். ஒரே ரயிலில் எல்லோரையும் அடைக்கும் ஆசையை விட்டோம். திருச்சி வரை கிடைத்த ரயில்களில் பிரித்து ஏற்றி, அங்கிருந்து புதுக்கோட்டை வழியாக வேன். இரண்டு மணி நேரத்துக்குள் காரைக்குடி. வாரநாள் கல்யாணம் என்பதால் லீவு கிடைக்காமல் சிலர் கழன்றுகொண்டார்கள். அதே காரணத்தால்தான் லாட்ஜில் ரூம் கிடைத்தது.

அவசரப்படுத்தவே முடியாதது கொட்டான். தாம்பூலத்துக்குச் செட்டிநாட்டுக் கொட்டான் தரணும் என்பது அக்காவின் ஆசை. புவிசார் குறியீடு பெற்ற பனை ஓலைப் பெட்டி அது. ஓலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, கையால் பின்னணும். 150 கேட்டோம். பின்னும் அக்கா, "அறுபது தர்றேன். அதுக்கு மேல கேட்டா கோணலா வரும்" என்றார். அறுபதும் பெரியவர்களுக்குப் போனது. மற்றவர்களுக்கு மஞ்சள் பை.

சான்றிதழுக்காகவே கல்யாணத்தை முன்னால் இழுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதியணும். கல்யாணம் நடந்த ஊரில்தான் பதியணும் என்று இல்லை, மணமக்கள் வசிக்கும் ஊரிலும் பதியலாம். அக்கா சென்னையில்தான் பதிந்தாள். பத்திரிகையிலும் விண்ணப்பத்திலும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். நம் இனிஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும், அங்கேதான் இடறும். வெளிநாட்டுக்கு என்றால் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவுத் துறையின் அபோஸ்டில் முத்திரை. அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாம் ஓரளவு ஒழுங்கானது என்று நினைத்தபோது, கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்பு ஜெனரேட்டருக்கு இடம் பார்க்க மாமாவுடன் மறுபடி போனேன். வாசலில் காரை விட்டு இறங்கிய மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"பாப்பா, அம்மாச்சி எப்படி ஏறும்?"

வாசலில் எட்டுப் படி. ஏறினால் முழங்கால் உயர நிலைப்படி. வளவுக்குப் போக இன்னொரு நிலைப்படி. அம்மாச்சிக்காகவே தேடிப் பிடித்த வீடு. நான் எடுத்த இருநூறு படங்களில் ஒன்றில்கூடப் படி இல்லை.

நாற்காலியோடு தூக்கலாம் என்றார் டெக்கரேஷன்காரர். குலுக்கல் ஆகாது என்றார் டாக்டர். பலகை சாய்க்கலாம் என்று தச்சரைக் கூட்டிவந்தோம். அந்த உயரத்துக்குச் சரிவு வைத்தால் பலகை தெருவின் பாதி வரை வரும் என்று அளந்து காட்டினார். அப்போது அந்தப் பெரியவர்தான் எங்களைப் பின்பக்கத் தெருவுக்கு அழைத்துப்போனார். அடுப்படி வாசல். அங்கே மூன்றே படி, தட்டையான நிலை. பலகை போட்டால் வீல்சேர் நேராக அடுப்படிக்குள் வந்து இரண்டாங்கட்டில் ஏறிவிடும். அங்கிருந்து வளவுக்குப் போகத்தான் மறுபடியும் அந்த நிலைப்படி.

வீடியோ காலில் அக்காவுக்குக் காட்டினோம். அவள் அதிகம் யோசிக்கவில்லை. "அப்போ மணவறையை இரண்டாங்கட்டுல போடுங்க. பந்தி வளவுல நடக்கட்டும்."

டெக்கரேஷன்காரருக்கு மனசே ஆறவில்லை. தூணெல்லாம் வளவில் இருக்க, மணமேடை பந்தி நடக்கும் இடத்திலா? போட்டோ எப்படி வரும்? சுமாராகத்தான் வந்தது. பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர், ஒரு பக்கம் சமையல் புகை. ஆனால் இலையில் பணியாரம் வைத்துக்கொண்டு தேக்குத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களின் படங்கள் அவ்வளவு அழகு. இன்றைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேரின் டிபி அதுதான்.

அம்மாச்சி காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். அடுப்படி வழியாக வந்ததால் சமையல்காரரோடுதான் முதல் பேச்சு. துவையலைத் தொட்டுப் பார்த்து, "உப்பு பத்தலையே" என்றார். எங்கள் யாருக்கும் அடங்காத அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் உப்புப் போட்டார். தாலி கட்டும்போது அம்மாச்சியின் வீல்சேர் மணவறைக்கு இரண்டடி தள்ளி நின்றது. அட்சதை தூவக் கையைத் தூக்க முடியவில்லை. அக்காவே குனிந்து தலையைக் காட்டினாள்.

மதியம் கிளம்பும்போது அம்மாச்சி டிரைவரிடம், "முன்பக்கமா ஒரு சுத்து சுத்திப் போப்பா. எந்த வீட்டுல கல்யாணம்னு நான் பார்க்கவே இல்லையே" என்றார். கார் தெருவைச் சுற்றி முகப்பின் முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கி, மேலே இருந்த சுதைச் சிற்பங்களையும் அந்த எட்டுப் படிகளையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"வீடு பெருசுதான். வெள்ளை அடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு போல."