இரண்டாவது கார்டு

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்தப் பொருளை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாலும், மூன்று வருஷம் கழித்து இது என்ன விலைக்குப் போகும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். காலேஜில் படித்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது. தேய்மானம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் இதற்காக நான் வாங்கும் திட்டு தனிக் கட்டுரை. இந்த வாரம் அந்த வியாதி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட கதை.

மன்னார்குடியில் இருக்கும் என் அக்காவின் பையன் டிகிரி முடித்த கையோடு போன் பண்ணினான். "மாமா, நான் வேலைக்கு அப்ளை பண்ணலை. போட்டோகிராபர் ஆகப் போறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் கல்யாணங்களுக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தான். ஸ்டூடியோ கேமராவில் அவன் எடுத்த சில படங்களைப் பார்த்திருக்கிறேன். கண் இருக்கிறது பையனுக்கு. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்று, பெரிய ஜூம் லென்ஸ் ஒன்று, பை, ஸ்டாண்டு, இத்யாதி. மொத்தம் 3,75,000 ரூபாய். கடைசியில் ஒரு வரி: "அம்மா செயினை பேங்க்ல வெக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அந்தச் செயினை எனக்குத் தெரியும். அத்தான் போன பிறகு அக்காவின் கையில் மிச்சமிருக்கும் ஒரே உருப்படியான சொத்து அதுதான்.

'வேண்டாம்' என்று சொல்வது சுலபம். ஆசைப்பட்ட பையனிடம் 'வேண்டாம்' என்று சொல்லி எந்த மாமாவும் ஜெயித்ததில்லை. "கிளம்பி வாடா, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன். வந்தான். ஒரு குயர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

நகைக் கடன் வட்டி 9 சதவிகிதம் என்றே வைத்துக்கொண்டோம். 3,75,000-க்கு வருஷம் 33,750. அடுத்து என் வியாதி. மூன்று வருஷத்தில் அந்தச் சாமான்கள் பாதி விலைக்குப் போகும் என்று வையுங்கள். அதாவது வருஷத்துக்கு 62,500 தேய்கிறது. இரண்டும் சேர்ந்து 96,250. வருஷத்துக்கு 40 விசேஷம் கிடைத்தால், ஒரு விசேஷத்துக்கு 2,406 ரூபாய். உதவியாளாகப் போனால் அவனுக்குக் கிடைப்பது எவ்வளவு? 2,000! அதாவது, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கைக்காசு 400 ரூபாய் மொய் எழுதிவிட்டு வருகிறான். பெட்ரோல் தனி.

"நானே தனியா ஆர்டர் எடுப்பேன் மாமா" என்றான். எடுப்பான்தான். முதல் வருஷமேவா? ஆடியிலும் மார்கழியிலும் கேமரா தூங்கும்; வட்டி தூங்காது.

பையன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால், நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கு இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டி ஒரு கேள்வி எழுதினேன்: 'கெட்டி மேளம் கொட்டுற நேரத்துல கேமரா நின்னு போனா?'

இருபது வருஷமாகப் பத்திரிகை போட்டோகிராபர்களோடு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். அவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கழுத்தில் ஒரு கேமரா தொங்கும், தோளில் இன்னொன்று. ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது. முதலமைச்சர் மறுபடி ஒருமுறை மாலை போட்டுக்கொள்ள மாட்டார். மாப்பிள்ளையும் மறுபடி தாலி கட்ட மாட்டார். அழகான படத்தை அமெச்சூரும் எடுப்பான். எந்தச் சூழ்நிலையிலும் படத்தோடு திரும்பி வருகிறவனுக்குத்தான் தொழில்காரன் என்று பெயர். அமெச்சூர் தரத்துக்குக் காசு கொடுக்கலாம். தொழில் பண்ணுகிறவன் முதலில் நம்பகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

எங்கள் சித்தி கல்யாணத்துக்கு வந்த ஸ்டூடியோக்காரரை இப்போதும் நினைத்துக்கொள்வேன். எண்பதுகளின் கடைசி. குனிந்து மேலிருந்து பார்க்கிற யாஷிகா மேட் கேமரா. ஒரு ரோலில் 12 படம், அவ்வளவுதான். தாலி கட்ட ஐந்து நிமிஷம் இருக்கும்போது, இன்னும் மூன்று நாலு படம் மிச்சமிருக்கும் ரோலைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். "ஃபிலிமை வீணாக்குறாரே" என்று தாத்தா முணுமுணுத்தார். அவர் வீணாக்கவில்லை. அந்த மூன்று நாலு படம்தான் இன்ஷூரன்ஸ் பிரீமியம்!

டிஜிட்டல் காலத்தில் அந்த பிரீமியத்துக்கு இன்னொரு பெயர், இரண்டாவது கார்டு. கேமராவில் மெமரி கார்டு போட இரண்டு இடம் இருந்தால், ஒவ்வொரு படத்தையும் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிய வைக்கலாம். ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் பிழைக்கும். 2018-ல் நிக்கான் கம்பெனி இஸட்6, இஸட்7 என்றும், கேனான் இ.ஓ.எஸ். ஆர் என்றும் பெரிய சென்சார் மிரர்லெஸ் கேமராக்களை இறக்கின. படத்தரத்தைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. ஆனால், கல்யாண போட்டோகிராபர்கள் உலகம் பூராவும் கூச்சல் போட்டார்கள். ஏன்? கார்டு போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது! 2020-ல் வந்த நிக்கான் இஸட்6-2, கேனான் ஆர்6 இரண்டிலும் இரண்டு இடம் வைத்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே வந்த, ஃபுல் ஃப்ரேம் இல்லாத, நடுத்தர டி.எஸ்.எல்.ஆர்-களில் இந்த வசதி உண்டு. நிக்கான் டி7100 (2013), டி7200 (2015) இரண்டிலும் இரண்டு எஸ்.டி. கார்டு போடலாம். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுவதால் இவை செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன.

"ஆனா லோ லைட்ல ஃபுல் ஃப்ரேம்தான் மாமா..." என்று இழுத்தான். நியாயமான கேள்வி. விடிகாலை முகூர்த்தம், மங்கலான மண்டபம், ஹோமப் புகை. வெளிச்சம் முக்கியம்தான். அதற்கும் கணக்கு உண்டு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு, இந்தச் சின்ன சென்சாரைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆதாயம் ஏறக்குறைய அவ்வளவுதான். கேமராவோடு வரும் சாதா ஜூம் லென்ஸை முழுசாக இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸ் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு! 35 மி.மீ. லென்ஸ் ஒன்று பழசாக 8,000 ரூபாய்க்கு அவனுக்குக் கிடைத்தது. லட்சம் கொடுத்து இரண்டு மடங்கா, 8,000 கொடுத்துப் பத்து மடங்கா? (முழுசாகத் திறந்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் குறையும், மாப்பிள்ளை தெளிவாக இருந்தால் ஐயர் மங்கலாகத் தெரிவார். குரூப் போட்டோவுக்கு ஒரு ஃப்ளாஷ் வேண்டும். அதை முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்ப வேண்டும்.)

கடைசியில் நோட்டில் எழுதிய பட்டியல் இது: பழைய டி7200 சாதா ஜூமோடு 32,000. பழைய டி7100, ஆபத்துக்கு உதவ, 20,000. அந்த 35 மி.மீ. லென்ஸ் 8,000. புது ஃப்ளாஷ் 9,000. நாலு கார்டு 4,000. ஹார்டு டிஸ்க் இரண்டு 8,000. பேட்டரிகள் 3,000. ஆக மொத்தம் 84,000. அவன் கையில் சேமிப்பு 34,000 இருந்தது. மிச்சம் 50,000-க்கு முத்ரா கடன். 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். அதில் 'சிஷு' என்ற பிரிவில் 50,000 வரை பிணை இல்லாமல் கொடுக்கிறார்கள். பேங்குக்கு நாலு நடை நடக்க வைத்தார்கள். நடந்தான். நகையைவிடச் செருப்பு தேய்வது மேல்.

பழசு வாங்கும்போது இரண்டு சோதனைகள் பண்ணச் சொன்னேன். ஒன்று, கேமரா இதுவரை எத்தனை கிளிக் அடித்திருக்கிறது? கார் மீட்டர் மாதிரிதான். நிக்கான் கேமராக்களில் எடுக்கும் படத்துக்குள்ளேயே அந்த எண் பதிவாகும். சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாம். டி7200-ன் ஷட்டரை ஒன்றரை லட்சம் கிளிக் வரை சோதித்திருப்பதாக கம்பெனி சொல்கிறது. 40,000 ஓடியிருந்தால் மிச்சம் 1,10,000. கல்யாணத்துக்கு 2,000 கிளிக் என்றால் 55 கல்யாணம். அதற்கு மேல் உழைத்தால் லாபம். இரண்டு, லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் அது சகஜம். அந்த லென்ஸைத் தொடாதீர்கள். வாங்கிய லென்ஸை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கி மூடுகிற டப்பாவில் வைத்தால் போதும்.

பெரிய ஜூம் லென்ஸ்? தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்து, வாடகையைப் பார்ட்டி பில்லில் சேர்த்துவிடலாம். சினிமாக்காரர்கள் கோடிக்கணக்கில் படம் எடுத்தும், கேமராவை வாடகைக்குத்தானே எடுக்கிறார்கள்!

அவன் கடைசியாகக் கேட்டதுதான் நிஜமான கேள்வி. "பழைய கேமராவோட போனா பார்ட்டி மதிப்பாங்களா மாமா?"

அது பொய்யில்லை. கேமராவின் சைஸைப் பார்த்துச் சம்பளம் பேசுகிற ஊர் இது. சில ஆர்டர்கள் கைநழுவத்தான் செய்தன. ஆனால், ஆரம்பத்தில் இவனைக் கூப்பிடுவது பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ இல்லை, வேறு போட்டோகிராபர்கள். 'பையன் நேரத்துக்கு வருவானா, ஃபைலை ஒழுங்காகக் கொடுப்பானா' என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். போன தை மாசம் திருவாரூரில் ஒரு ரிசப்ஷன். பாதியில் ஒரு கார்டு படிக்க முடியாமல் போய்விட்டது. ராத்திரி போனில் சொன்னான். குரலில் பதற்றமே இல்லை. "இன்னொண்ணுல எல்லாம் இருக்கு மாமா" என்றான். கூப்பிட்ட சீனியருக்கு விஷயம் தெரிந்தது. அந்த சீசன் முழுக்க இவனுக்கு அவரிடமே வேலை.

இப்போது தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறான். விசேஷத்துக்கு 500 ரூபாய் அதில் போடுகிறான். ஃபுல் ஃப்ரேம் ஆசை போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. அந்த கேமராவை அவன் வாங்கும் நாளில், அது சம்பாதித்துத் தரும் வேலைகள் ஏற்கெனவே அவன் டைரியில் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ இப்படி ஒரு பட்டியலோடு வந்து நிற்கலாம். கேமராவாக இருக்கலாம், தையல் மெஷினாக இருக்கலாம், ஆட்டோவாக இருக்கலாம். சட்டென்று 'வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். பாசத்தில் நகையையும் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்.

"இது நின்னு போச்சுன்னா, கையில வேற என்ன இருக்கு?"