தூசு என்று சொன்னோம்

நெய்வேலியில் வளர்ந்தவர்களிடம் இருமலுக்கு ஓர் ஆயத்தமான விளக்கம் இருக்கும்: தூசு. கோடையில் சுரங்கத்தின் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொடியில் காயும் வேட்டி மாலைக்குள் நிறம் மாறும். அந்தக் காற்றைத்தான் நாங்களும் சுவாசித்தோம். ஆகவே 2003ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அண்ணன் இருமத் தொடங்கியபோது, மழையில் தூசு பறக்காது என்பதைக்கூட யோசிக்காமல், நாங்கள் இருவரும் ‘தூசுதான்’ என்றோம்.

அவர் எங்கள் உடன்பிறந்தவர் அல்லர். எங்களை வாசகர்களாக ஆக்கியவர். சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நகரியத்தின் வட்டங்களுக்குள் வீடு கிடைக்காதவர்; மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தார். 1998இல் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி தொடங்கியபோது எங்களை சைக்கிளில் அழைத்துப்போய், ஒரு நாள் கூலிக்கு ஒரு நாவல் வாங்கி, ‘மூணு பேரும் படிச்சிட்டுப் பேசுவோம்’ என்றார். அதுதான் எங்கள் வாசகர் வட்டம்.

தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் 2002இல் அறிந்தார். அண்ணிக்கும் இருந்தது. அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் இருவரை மட்டுமே. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் இத்தொற்றை முதன்முதலாகக் கண்டறிந்தது 1986இல். பதினாறு ஆண்டுகள் கழிந்தும் ஊரில் அச்சம் குறையவில்லை. நாங்கள் துண்டறிக்கைகளைத் தேடிப் படித்தோம். தொட்டால் பரவாது, ஒரே குவளையில் குடித்தால் பரவாது என்று தெரிந்துகொண்டோம். அவர் குடித்த குவளையிலேயே தேநீர் வாங்கிக் குடித்தோம்; அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவரைக் கடைசியில் கொல்வது எது என்ற கேள்வி எங்களுக்குத் தோன்றவேயில்லை. உலகெங்கும் அதற்கான முதல் பதில் காசநோய்.

இரண்டு மாத இருமல், மாலைக் காய்ச்சல், தலையணை நனையும் வியர்வை, தளர்ந்துபோன இடுப்புக் கச்சை. நான்கும் எங்கள் கண்முன்னேதான் நடந்தன. வெளியூர் மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது நோய் மூளையுறை வரை சென்றிருந்தது. அவர் டிசம்பரில் இறந்தார். அடுத்த ஏப்ரல் முதல் தேதி, தாம்பரம் உள்ளிட்ட சில மையங்களில் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாகத் தரத் தொடங்கியது. அண்ணி அந்த மருந்தால் பிழைத்தார்.

அதன் பிறகுதான் நாங்கள் இந்நோயைப் பற்றி ஒழுங்காகப் படித்தோம். காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவுடன் நோயாகிவிடுவதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சூழ்ந்து அடைத்துவைக்கின்றன. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இப்படிக் கிருமியைச் சுமப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, பதினைந்து வயதைக் கடந்தோரில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு இத்தொற்று இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் நேராது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே நோயாகும். ஆனால் எச்.ஐ.வி. இருந்து, கூட்டு மருந்தும் இல்லையென்றால், ஒரே ஆண்டில் பத்து விழுக்காடு வரை என்பது பாடநூல்கள் தரும் கணக்கு.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருப்பதால்தான் சுரங்கத்தின் தரை பெயராமல் இருக்கிறது. இறைப்பது நின்றால் என்ன ஆகும் என்று இங்கே சிறுவர்களுக்கும் தெரியும்.

உறங்கும் தொற்றைக் கண்டறிவதற்குப் பழைய வழி மாண்டோ சோதனை. முன்கைத் தோலுக்குள் டியூபர்குலின் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பொதுவாகப் பத்து மில்லிமீட்டர், எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஐந்தே போதும். இதில் ஒரு முரண் உண்டு. தடிப்பை உண்டாக்குவது அதே எதிர்ப்பு அணுக்கள். அவை அருகிப் போனவருக்குக் கிருமி இருந்தாலும் கை வீங்காது. யாருக்கு ஆபத்து மிகுதியோ அவரிடமே சோதனை ஊமையாகிவிடும். இரத்தத்தில் செய்யப்படும் இக்ரா சோதனைக்கும் இக்குறை ஓரளவு உண்டு. ஆகவே 2011இல் உலக சுகாதார நிறுவனம், தோல் சோதனை கட்டாயமில்லை, நான்கு கேள்விகள் கேளுங்கள் என்றது: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா? நான்கும் இல்லையென்றால் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். ஒன்று இருந்தாலும் நோய் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். நோய் விழித்திருக்கும் உடலுக்கு ஒற்றை மருந்து கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

அந்த நான்கு கேள்விகளைப் படித்த இரவு எங்களால் பேச முடியவில்லை. அவற்றைக் கேட்க மருத்துவர் வேண்டியதில்லை, நண்பர்கள் போதும்.

2017இல் அண்ணியின் சிகிச்சை மையத்தில் தடுப்பு மருந்து வந்தது: ஐசோனியசிட், நாளுக்கு 300 மில்லிகிராம், ஆறு மாதம், நரம்புகளைக் காக்கக் கூடவே ஒரு பி6 மாத்திரை. கேள்விகள் கேட்கப்பட்டன. அண்ணி நான்குக்கும் இல்லை என்று சொல்லி, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று மாலை அவருடைய தையல் எந்திரத்தருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது: ஒரு வாரத்துக்கு முன் அவரே, சாயங்காலமானால் உடம்பு காய்கிறது என்று சொல்லியிருந்தார்.

“அங்க ஏன் சொல்லல அண்ணி?”

“சொன்னா சளி எடு, படம் எடுன்னு நாலு நாள் அலைய விடுவாங்க. டி.பி.ன்னு ஒரு வார்த்தை வீட்டுக்காரர் காதுல விழுந்தா நான் எங்க போறது தம்பி? மத்ததையே பதினஞ்சு வருஷமா மறைச்சு வச்சிருக்கேன்.”

எங்களுக்கு விடை தெரியவில்லை. மையத்துக்கு நாங்களே சொல்லிவிடலாம். அது அண்ணன் எங்களிடம் ஒப்படைத்துப்போன நம்பிக்கையை உடைப்பதாகும். சும்மா இருக்கலாம்; அதை ஏற்கெனவே ஒருமுறை செய்திருந்தோம். முடிவில் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னோம். ஒற்றை மாத்திரை ஏன் ஆபத்து என்பதைச் சொன்னோம். ‘தூசு’ என்று அன்று சொன்னது நாங்கள்தான் என்பதையும் சொன்னோம். அவர் வெகுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நானும் அதைத்தான் சொன்னேன்” என்றார்.

மறுநாள் கடலூர் பேருந்தில் மூவரும் போனோம். சளியை மரபணுச் சோதனையில் பார்த்தார்கள். மார்புப் படம் எடுத்தார்கள். காசநோய் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று. அது சரியான பின் மாத்திரையைத் தொடங்கினார். நூல்கண்டுகள் இருக்கும் தகர டப்பாவில் வைத்திருந்து, ஆறு மாதமும் ஒரு நாள் தவறாமல் விழுங்கி முடித்தார்.

இந்த வரலாற்றில் நம் மாநிலத்துக்குப் பங்குண்டு. 1928இல் தாம்பரத்தில் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியம், பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரும் புகலிடமாயிற்று. சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் ஆய்வு மையம், இந்நோயை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அதே நிறுவனத்தின் சௌம்யா சுவாமிநாதன் உள்ளிட்டோர் எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, எதாம்புட்டாலும் ஐசோனியசிட்டும் சேர்த்து ஆறு மாதம் தருவது, 36 மாதம் ஐசோனியசிட் மட்டும் தருவதற்கு ஏறக்குறைய ஈடான காப்பைத் தருவதாகக் கண்டது. வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு முறை விழுங்கும் மருந்தும் 2021இன் தேசிய வழிகாட்டலில் இடம்பெற்றுவிட்டது. மருந்தின் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதுதான் சுருங்கவில்லை. பொறுப்பு அவருடையது மட்டுமன்று. வாடகை வீட்டை இழக்க நேரும் என்ற அச்சம் இருக்கும்வரை அந்தக் கேள்விகள் பாதிதான் கேட்கப்பட்டிருக்கும்.

இதை அண்ணி படித்துப் பார்த்து, ஓரிரு அடையாளங்களை மாற்றச் சொன்னார், மாற்றினோம். அன்று அவர் கண்கலங்கினார் என்று எழுதியிருந்தோம். “நான் அழவே இல்லை, அடிச்சிடுங்க” என்றார். அடித்துவிட்டோம். சென்ற வாரம் எங்களில் ஒருவன் தொலைபேசியில் இருமியதும், அவர் முதலில் கேட்டது எத்தனை நாளாக என்றுதான்.