ஒற்றைக் கண்ணால் கோணல் பார்ப்பவர்கள்

பிச்சாவரம் படகுத் துறையில் கூட்டம் சேர இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து ஊரான கிள்ளையைச் சேர்ந்த படகோட்டி ஒருவர் துடுப்பின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் கன்னத்தருகே கொண்டுபோனார். இடது கண்ணை மூடிக்கொண்டு துடுப்பை மெல்லச் சுழற்றினார். என்னுடன் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"நான் தினமும் செய்யறதையே இவரும் செய்யறார்!"

அவர் சென்னையில் பூல், ஸ்னூக்கர் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கம்புகளான கியூக்களைப் பழுது பார்ப்பவர். சிதம்பரத்து ஆட்டக்காரர் ஒருவருக்கு நுனித்தோலான டிப்பை மாற்றிய கியூவைக் கொடுக்க வந்திருந்தார். கொடுக்கும்போது ஒரு விஷயத்தை நேரில் காட்டிச் சொல்லவேண்டும் என்பதால்தான் கூரியரில் அனுப்பவில்லை. உறையைத் துறையிலேயே பிரித்தார்.

கியூ நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் அதை மேசைமேல் உருட்டுவார்கள். அவருக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மேசை சமமாக இல்லாவிட்டாலும், கம்பு நுனிநோக்கிச் சீராக ஒடுங்காவிட்டாலும் நல்ல கியூகூடத் தள்ளாடும். இரண்டு துண்டாகக் கழற்றும் கியூவில் இன்னொரு சிக்கல் உண்டு. துண்டுகள் தனித்தனியே நேராக இருந்தும், மரை சரியாக உட்காராவிட்டால் சேர்த்ததும் கோணல் காட்டும். அதனால் முதலில் துண்டு துண்டாகப் பார்க்கிறார். பிறகே பூட்டிப் பார்க்கிறார்.

கண்ணுக்கு அடுத்து காது. கியூவை இரண்டு விரலில் தளரப் பிடித்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டினார். சுத்தமாக ஒரே ஒலி. மரையோ நுனிப் பூணோ தளர்ந்திருந்தால் உள்ளே கறகறவென்று அதிரும். படகோட்டியும் துடுப்பைத் தட்டிக் காட்டினார். "விரிசல் விட்டா குரல் மாறிடும் சார். உலக்கைப் பூண் ஆடினா வீட்டுல தெரியாதா, அதுமாதிரிதான்."

பிறகு விரல். கம்பின் நீளம் முழுக்கத் தடவினால் கண்ணில் படாத பள்ளம் நகத்தில் இடறும். நசுங்கிய சிறு பள்ளத்தில் ஈரத்துணியை வைத்து இளஞ்சூடு காட்டினால், அமுங்கிய நார் உப்பிப் பெரும்பாலும் மேலே வந்துவிடும். நார் அறுந்திருந்தால் வராது. கடைசியாக டிப். பூல் கியூவில் அது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலம்; ஸ்னூக்கரில் 9, 10 தான். தோல் இறுகிப் பளபளத்துவிட்டால் அதில் தேய்க்கும் சாக் தூள் ஒட்டாது. அடிக்கும்போது பந்தில் வழுக்கிவிடும்.

ஸ்னூக்கருக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டத்துக்கு விதிகள் உருப்பெற்றது ஊட்டி கிளப்பில். மலையானாலும் கடலோரமானாலும் மரத்துக்கு எதிரி ஈரம்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரம் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நடக்காதபோது வளைகிறது. சுவரில் சாய்த்து வைத்த கியூவும் வெயிலில் நிற்கும் காருக்குள் கிடக்கும் கியூவும் கெடுவது இப்படித்தான்.

கிள்ளையிலோ ஈரம் எங்கும் இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தில்லையும் சுரபுன்னையும் அடர்ந்த இந்தப் பிச்சாவரம் சதுப்புக்காடு, 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். நடுவழியில் துடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்று படகோட்டியிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் அவர் துடுப்பைச் சாய்த்து வைப்பதில்லை, நிழலில் படுக்கவைக்கிறார்.

"ஒரு தடவை பார்க்கலாமா சார்?" என்று கியூவை வாங்கினார். அதே ஒற்றைக் கண், அதே மெதுவான சுழற்சி. நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி அவர் கட்டைவிரல் நின்றது. "இங்க மயிரிழை வாங்குது."

பழுது பார்ப்பவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். ஆட்டக்காரருக்காக முந்தின நாளே பென்சிலில் வரைந்து வைத்த கியூவின் படம். அதில் வட்டமிட்டிருந்த இடமும் அதுவேதான்.