மயிற்கழுத்தும் ஊசியும்

கடாரத்துத் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை விட்டுச் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தோருடன் கால்மிதித் தையற்பொறியும் வந்தது. மரவளையத்தில் துணியை இறுக்கி, இரு கைகளாலும் நகர்த்திப் பூ வரைந்த மகளிர்க்கு அதன் ஊசியே தூரிகை. இன்று அவ்வேலை கணினியிடம் சென்றுள்ளது.

சேலை முந்தானையின் மயிலைப் படமெடுத்து, போட்டோஷாப்பில் பின்னணியை நீக்கி, வண்ணங்களைக் குறைப்பது முதற்படி. மயிற்கழுத்தில் எண்ணற்ற நீலங்கள். 15 ஊசிகளுள்ள பொறி ஏற்பதோ 15 நூல்களே. குறைக்காது விடின், பொட்டுப் பொட்டாகத் தைத்து, நூலை அறுத்தறுத்துப் பொறி திணறும்.

அடுத்து வேண்டுவது, படத்தைத் தையலாக மாற்றும் தனி மென்பொருள். படம் வண்ணப்புள்ளிகளால் ஆனது. தையற்கோப்போ ஊசி செல்லவேண்டிய வழி. ஒரே சொடுக்கில் மாற்றம் நிகழும். ஆயினும் இறகு படியும் திசையை மென்பொருள் அறியாது. பெரும்பாலும் கோரைப்பாய் போல் ஒரே பக்கமாக நிரப்பிவிடும்.

நூல் துணியை இழுக்கும் தன்மையது. திரையில் வட்டமாயிருந்த மயிலின் கண், துணியில் ஒடுங்கும். எத்துணை ஒடுங்கும் என்பதை, வளையத்தில் துணி சுருங்கக் கண்ட அந்த மகளிரே முன்னரே அறிந்தவர். கணினி தெரியாதவர் என்று அவரை ஒதுக்கும் கடைகள் இழப்பது கொஞ்சமன்று. தையல் ஓடும் திசையில் கண்ணைச் சற்றே அகட்டி, திரையில் கோணலாகவே வரைதல் வேண்டும். துணியில் அது வட்டமாக விழிக்கும்.