கணபதிப் பட்டறையில் ஒரு கான்டெசா

கோயம்புத்தூர் கணபதியில், மோட்டார் பம்புக்குக் காயில் சுற்றுகிறவர்களும் லேத்தில் புஷ் கடைகிறவர்களும் அடுத்தடுத்துத் தொழில் நடத்தும் ஒரு சந்தின் கோடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே பானட்டும் முன்கண்ணாடியும் இழந்து நின்றிருந்த அந்தக் கான்டெசா காரை நான் முதன்முதலாகப் பார்த்த காலையில், அதைச் சூழ்ந்து நின்றவர்களின் பேச்சு ஏதோ கலியாண விவகாரம் என்றே சற்று நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். “எடம் பெருசுதானுங்க, ஆனா நம்மளுக்குத் தாங்கோணுமுல்லோ?” என்றார் ஒருவர். “ஒரே குடும்பத்துல எடுத்தா நாளைக்குச் சிக்கல் வராதுங்க” என்றார் இன்னொருவர். அவர்கள் வரன் தேடிக்கொண்டிருந்தது எஞ்சினுக்கு என்பது பிறகே விளங்கிற்று.

காரின் சொந்தக்காரர் ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். அவருடைய தகப்பனார் வாங்கிய வண்டி அது. பல வருஷங்கள் தேங்காய்க் களத்தில் கோழிகளுக்கு வாசஸ்தலமாக இருந்துவிட்டு, டிங்கர் வேலையும் பெயிண்டும் முடிந்து, இப்போது உடம்பு பளபளக்க, உயிர் மாத்திரம் இல்லாமல் நிற்கிறது. இங்கிலாந்தில் வாக்ஸால் கம்பெனி 1972-இல் வெளியிட்ட விக்டர் காரின் உடலமைப்பை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விலைக்கு வாங்கி, வங்காளத்து உத்தர்பாராவில் 1984 முதல் கான்டெசா என்ற நாமகரணத்தோடு செய்து விற்றது. தோற்றத்தில் அது ராஜகம்பீரம். நீண்ட மூக்கு, நான்கு விளக்கு, அகன்ற பின்புறம். ஆனால் அந்த நீண்ட மூக்கைத் திறந்தால் உள்ளே இருந்தது அம்பாசடரின் அதே 1,489 சி.சி. எஞ்சின், சுமார் 50 குதிரைச் சக்தி. பட்டத்து யானைக்குப் பால்குடி மறவாத பாகன் வாய்த்தாற்போன்ற இந்தக் குறையை உற்பத்தியாளர்களே உணர்ந்து, பின்னாளில் ஜப்பானிய இஸுஸு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தினார்கள். 2002-இல் உற்பத்தியே நின்றுபோயிற்று.

இவருடையது முற்காலத்து வண்டி. ஆகவே என்ன எஞ்சின் வைப்பது என்ற கேள்வி எழுந்ததில் ஆச்சரியமில்லை. கல்லூரியில் படிக்கும் மகனுக்கு டொயோட்டா சுப்ராவின் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின்மீது மோகம். அமெரிக்காவில் ‘மஸில் கார்’ என்று சொல்லப்படும் புஜபல வாகனங்களின் வரலாறெல்லாம் அவனுக்கு மனப்பாடம். 1964-இல் பான்டியாக் கம்பெனி ஒரு நடுத்தர உடலுக்குள் 6.4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டதையும், கான்டெசாவை நம் ஊர் மஸில் கார் என்று அபிமானிகள் கொண்டாடுவதையும் ஒரே மூச்சில் எனக்கு எடுத்துரைத்தான். தகப்பனாருக்கோ, சிக்கனத்தை உத்தேசித்து, இஸுஸுவின் இரண்டு லிட்டர் டீசல் மேல் ஒரு கண். “தோப்புல மோட்டார் ஓடுற சத்தம் பத்தாதுங்களா?” என்று ஒரே வாக்கியத்தில் அதைத் தள்ளிவிட்ட மேஸ்திரி, மகனுக்கு மாத்திரம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“தம்பி, நீ சொல்ற எஞ்சின் நல்ல எஞ்சின். அதை வெச்சா ரேடியேட்டர் மாத்தோணும். கீழ இருக்கிற கிராஸ் மெம்பரை அறுக்கோணும். அந்த இழுவைக்குக் கிளச்சு, கியர் பாக்ஸ், பின்னாடி ஹவுசிங், உள்ள கிரவுன் பினியன் அத்தனையும் மாத்தோணும். அப்புறம் ஓடுறதை நிறுத்தறதுக்குப் பிரேக்கு. கடைசீல கான்டெசாவுல மிச்சம் இருக்கிறது கதவுதான்.”

இவ்வளவையும் அவர் குரலை உயர்த்தாமல், கையிலிருந்த பனியன் வேஸ்ட்டில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு இந்த ஊர்க்காரரான கரிவரதன் ஞாபகம் வந்தது. பந்தயக் கார் ஓட்டுவதிலும் கட்டுவதிலும் பெயர்பெற்று, 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவர், வெளிநாட்டு எஞ்சின்களுக்காக ஏங்கி உட்கார்ந்திராமல், மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ‘ஃபார்முலா மாருதி’ என்னும் பந்தய ஊர்தியை உருவாக்கி, சாமானிய இளைஞர்களும் பந்தயத்தில் இறங்க வழிசெய்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயரால் ஓடுதளம் இருக்கிறது. கைக்கெட்டிய எஞ்சினுக்கு ஏற்ற வண்டியைச் செய்த சாமர்த்தியம் அவருடையது. வண்டிக்கு ஏற்ற எஞ்சினைத் தேடும் சாமர்த்தியம் இந்த மேஸ்திரியுடையது. இரண்டாவதற்குப் புகழ் குறைவு என்றாலும், கஷ்டம் குறைவென்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய எஞ்சினையே பழுது பார்த்தால் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஹெட்டைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்திருந்த பிளாக்கின் அருகே அழைத்துப்போய், முதல் சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே என் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தச் சொன்னார். நகத்தில் ஒரு படி தட்டிற்று. ரிங் உரசி உரசித் தேய்ந்த இடத்துக்கும், ரிங் எட்டாத மேல்விளிம்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் அது. பிறகு போர் கேஜை உள்ளே இறக்கி, குறுக்கிலும் நெடுக்கிலும் திருப்பி, முள்ளைப் பார்த்து, “எட்டு தௌ” என்றார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘தௌ’ என்று சொல்வது இப்பட்டறைகளின் பரிபாஷை. இந்தப் பிளாக் முன்னமே 40 தௌ, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், போர் போடப்பட்டது. இனி ஸ்லீவ் இறக்கித்தான் பிழைக்கவைக்க வேண்டும். பிழைத்தாலும், 73 மில்லிமீட்டர் அகலமும் 88.9 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அந்தச் சிலிண்டர் ஒரு செம்பைப்போலக் குறுகி நீண்டது. பிஸ்டன் அதிக தூரம் ஏறி இறங்கவேண்டியிருப்பதால் வேகமாகச் சுழல அதற்கு விருப்பமில்லை. 1.8 லிட்டர் இஸுஸுவினுடையது 84-க்கு 82. உருளியைப்போல அகன்றது, கேம் ஷாப்டும் ஹெட்டின்மேலேயே இருப்பது. பலமும் பழையதைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாது.

ஆக, துருப்பிடித்து உடைக்கப்பட்ட ஒரு பின்னாளைய கான்டெசாவிலிருந்து இஸுஸு எஞ்சினும் கியர் பெட்டியும் வந்து சேர்ந்தன. ஒரே கம்பெனி, ஒரே ஜாதி வண்டி என்பதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மனம்போனபடி மாற்றுவதற்கு இடந்தருவதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. தயாரித்தவர்களே வைத்த எஞ்சின் என்றால், ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுவைக் கொடுக்கும்போது கை நடுங்காது.

எஞ்சினைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கியர் பெட்டிதான் இந்தச் சம்பந்தத்தின் உண்மையான சீர்வரிசையாகப் பட்டது. நாலு கியர் பெட்டியில் கடைசிக் கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஷாப்டும் ஒரு சுற்று. ஆகவே நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட எஞ்சினும் அலறவேண்டியிருக்கிறது. ஐந்தாவது கியர் இந்தக் கணக்கைப் புரட்டுகிறது. ஷாப்ட் ஒரு சுற்று முடிக்கும்போது எஞ்சின் இன்னும் ஒரு சுற்றை முடித்திராது. வேகம் குறையாமலே இரைச்சலும் தேய்மானமும் பெட்ரோல் செலவும் தணிகின்றன. அமெரிக்காவில் அறுபதுகளின் கார்களைப் புதுப்பிக்கிறவர்களும், குதிரைச் சக்தியைத் தேடி அலுத்தபின், இந்த ஐந்தாவது கியருக்குத்தான் வந்து சேருகிறார்கள்.

உடைத்த வண்டியின் புரொப்பெல்லர் ஷாப்டை யாரோ முன்னமே வாங்கிப் போய்விட்டபடியால், பழைய ஷாப்டை அறுத்து அளவுக்குப் பற்றவைக்க நேர்ந்தது. நீலாம்பூர் மதுக்கரைப் புறவழிச்சாலையில் முதல் ஓட்டம். எழுபதைத் தாண்டியதும் காலடித் தகடு அதிர்ந்து, கண்ணாடியில் தெரிந்த பின்சாலை தண்ணீரில் தெரிவதுபோல் கலங்கிற்று. எஞ்சின் மவுண்ட்டோ, சக்கரமோ என்று நான் ஊகித்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி ஓரங்கட்டச் சொல்லி, தார்ச்சாலையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தார். ஷாப்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ் பிடிகள் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். சற்றே திருகிப் பற்றவைத்துவிட்டால் ஒரு முனை உண்டாக்கும் தடுமாற்றத்தை மறுமுனை சமன் செய்யாது. அறுப்பதற்கு முன்பு குழாயின் நெடுகிலும் அவர் இழுத்திருந்த சாக்கட்டிக் கோட்டை, சுத்தம் செய்வதாக நினைத்துப் பட்டறைப் பையன் துடைத்துவிட்டிருக்கிறான். அடுத்த முறை கோடு ஆணியால் கீறப்பட்டது. பையனை அவர் கடிந்துகொள்ளவில்லை; ஆணியை மட்டும் அவன் கையிலேயே கொடுத்தார்.

இரண்டு வாரங்கழித்து, 1920-இல் ஜி.டி. நாயுடு பழனிக்குத் தம் முதல் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய பொள்ளாச்சி வழியே, ஆழியாறு சென்று வால்பாறை மலைப்பாதையில் ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வரைக்குமே அன்றைய பயணம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது மகன் ஒரு கணம் அக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் கிளச்சை விட்டான். மேஸ்திரி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சுப்ரா எஞ்சினைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. இறங்கும்போது தகப்பனார், பழைய எஞ்சினைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று விசாரித்தார்.

“இருக்கட்டுங்ணா, பெஞ்சுக்கடியில எண்ணெய் பூசித் துணி அடைச்சு வெச்சிருக்கேன். ஆர்.சி. புக்கு மாறி வர்ற வரைக்கும் உங்க வண்டி நெம்பரு அதுலதானுங்க இருக்குது.”