அலபாமாவில் ஒரு பக்திப் பாட்டு

ஜெர்ரி வெக்ஸ்லருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தம்மை நாத்திகர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். 'பில்போர்டு' பத்திரிகையில் வேலை பார்த்தபோது 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும், பிறகு அட்லாண்டிக் நிறுவனத்தில் ரே சார்ல்ஸையும் அரீதா ஃப்ராங்க்ளினையும் பதிவுசெய்தவரும் அவர்தான். 1979இல், 62ஆம் வயதில், பாப் டிலனின் அடுத்த இசைத்தட்டைத் தயாரிக்க ஒப்புக்கொண்டார். பாட்டெல்லாம் இயேசுவைப் பற்றியவை என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

'ஸ்லோ டிரெய்ன் கமிங்' என்ற அந்த இசைத்தட்டைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். நான் கிறிஸ்தவன் அல்ல. பாட்டி பாடிய தேவாரத்தைக் கேட்டு வளர்ந்தவன். பாட்டியின் நம்பிக்கை என்னிடம் தங்கவில்லை. அவள் பாடிய பண் தங்கிவிட்டது. அதனால்தானோ என்னவோ, இந்த இசைத்தட்டின் கதையைப் படிக்கும்போதெல்லாம் டிலனுக்கு முன்பாக வெக்ஸ்லரிடம்தான் என் மனம் போகிறது. தான் நம்பாத ஒன்றை அவ்வளவு அக்கறையோடு ஒருவர் எப்படிச் செய்துகொடுத்தார்?

டிலனின் மனமாற்றம் பலருக்கும் தெரிந்த கதை. 1978இல் நீண்ட உலகப் பயணம். நவம்பரில் சான் டியாகோ மேடையில் யாரோ ஒரு வெள்ளிச் சிலுவையை எறிய, அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்து டூசான் நகரத்து விடுதி அறையில் இயேசுவின் சந்நிதியை உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். 1979 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் வைன்யார்டு சபையினர் நடத்திய வேதாகம வகுப்பில் மாணவராக உட்கார்ந்தார். புகழின் உச்சியைப் பார்த்துவிட்ட 37 வயது மனிதர் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டது எனக்குச் சிலுவைக் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த அடக்கம் பதிவு வேலையிலும் வந்தது என்பது என் எண்ணம். அதுவரை டிலனுக்கு ஸ்டுடியோ என்றாலே பொறுமை கிடையாது. எல்லோரும் சேர்ந்து வாசிக்க, கூடவே பாடி முடித்து, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். முந்தைய ஆண்டு வந்த 'ஸ்ட்ரீட் லீகல்' அப்படி அவருடைய ஒத்திகைக் கூடத்திலேயே சில நாட்களில் பதிவானது. நல்ல பாடல்கள்தான், ஆனால் ஒலி கலங்கிக் கிடந்தது. இந்த முறை சொல்ல வந்தது அவருக்கு உயிர்நிலையான செய்தி. அது தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவேதான் வெக்ஸ்லரைத் தேடிப் போனார்.

கிட்டாருக்கு மார்க் நாஃப்ளர். அவருடைய 'டயர் ஸ்ட்ரெயிட்ஸ்' குழு அப்போதுதான் பெயரெடுக்கத் தொடங்கியிருந்தது. அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டை வெக்ஸ்லரும் பாரி பெக்கெட்டும் அப்போதுதான் தயாரித்து முடித்திருந்தார்கள். மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸின் ராக்ஸி அரங்கில் நாஃப்ளர் வாசித்ததைக் கேட்ட டிலன், அவரையும் அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் பிக் விதர்ஸையும் அழைத்தார். பாடல்களை முதன்முதலாகக் கேட்டதும் நாஃப்ளர் தம் மேலாளருக்குப் போன் செய்து, எல்லாமே கடவுளைப் பற்றிய பாட்டு என்று வியந்தாராம்.

பதிவு நடந்த இடம் அலபாமா மாநிலத்தின் வடமேற்கு மூலை, டென்னசி ஆற்றங்கரை. மசில் ஷோல்ஸ் என்றும் ஷெஃபீல்டு என்றும் ஒன்றையொன்று ஒட்டிய சிற்றூர்கள். 1967இல் அரீதாவை வெக்ஸ்லர் அழைத்து வந்ததும் இந்த வட்டாரத்துக்குத்தான். அன்று அரீதாவுக்கு வாசித்த உள்ளூர் வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் சிலர் 1969இல் மசில் ஷோல்ஸ் சவுண்ட் என்ற சொந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். அந்தத் தொடக்கத்திலும் வெக்ஸ்லரின் கை உண்டு. பெக்கெட் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். பியானோவும் ஆர்கனும் அவர் பொறுப்பு.

ஏப்ரல் 30ஆம் தேதி வேலை தொடங்கியது. முதல் நாள் சரியாகவே போகவில்லை. 'டிரபுள் இன் மைண்ட்' என்ற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். கடைசியில் அது இசைத்தட்டில் சேரவும் இல்லை. சிக்கல் இதுதான்: தாளம் எங்கே ஊன்ற வேண்டும், பேஸ் எங்கே அடங்க வேண்டும், கிட்டார் எந்த இடைவெளியில் நுழைய வேண்டும் என்று வாத்தியக்காரர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போதே டிலன் ஒவ்வொரு முறையும் முழுமூச்சாகப் பாடிவிடுவார். வெக்ஸ்லர் அவரிடம் எடுத்துச் சொன்னார். வாத்திய அமைப்பு ஓர் ஒழுங்குக்கு வரட்டும், அதுவரை குரலை நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் அவர்களுடைய வாசிப்பு உங்கள் குரலோடு மோதாமல் அதைச் சுற்றி அமையும் என்று. டிலன் கேட்டுக்கொண்டார். யார் சொல்லியும் கேட்காதவர் என்று பெயரெடுத்தவர் கேட்டுக்கொண்டார். மே 4ஆம் தேதிக்குள் எல்லாப் பாடல்களின் அடித்தளமும் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ஹார்ன்களையும் மற்றவற்றையும் மேலே சேர்த்தார்கள்.

அந்த அறிவுரையின் பலன் 'பிரெஷஸ் ஏஞ்ச'லில் தெரிகிறது. டிலன் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் நாஃப்ளரின் கிட்டார் நுழைகிறது. கச்சேரியில் பாடகரின் சங்கதியை வயலின்காரர் வாங்கித் திருப்பித் தருவதுபோல. அடுத்த வரி தொடங்குமுன் ஒதுங்கிவிடுகிறது. டிம் டிரம்மண்டின் பேஸ் அவசரமே படுவதில்லை.

இடையில் டிலன் வெக்ஸ்லரிடம் சுவிசேஷம் சொல்லிப் பார்த்தார். வெக்ஸ்லர் தம் வயதையும் நாத்திகத்தையும் சொல்லி, தம்மைத் திருத்த முடியாது, வந்த வேலையைப் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். இருவரும் வேலையைப் பார்த்தார்கள். இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் இருவர்மீதும் எனக்கு மரியாதை கூடுகிறது. ஒருவர் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை, மற்றவர் நம்பிக்கையின்மையை மறைக்கவில்லை, பாட்டு கெடவில்லை.

கடைசிப் பாட்டு 'வென் ஹி ரிட்டர்ன்ஸ்'. அதைத் தாம் பாடுவதாகவே டிலன் முதலில் நினைக்கவில்லை. பின்னணிப் பாடகிகளுக்குக் கொடுக்கலாம் என்று, பெக்கெட்டின் பியானோவோடு ஒரு மாதிரிப் பதிவு மட்டும் செய்து வைத்தார். பிறகு மனம் மாறியது. இரவில் பாடிப் பழகிக்கொண்டு வந்து, பெக்கெட் மாதிரிக்காக வாசித்த அதே பியானோவின் மேல் தம் குரலைப் பதிந்தார். ஒரு பியானோ, ஒரு குரல், வேறு எதுவும் இல்லை. டிலனின் பாடும் முறையைக் குறை சொல்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. தலைப்புப் பாடலில் எண்ணெய் வள நாட்டு ஷேக்குகளைப் பற்றிப் பேசும் இடம் அன்றைய அமெரிக்கக் கோபத்தின் குறுகல். அருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில பாடல்களில், நம்பாதவனை நோக்கி நீளும் விரல் என்னையும் சுட்டுகிறது. அன்றைய ரசிகர்கள் பலர் இதனால் காயப்பட்டார்கள். நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் பழைய பாட்டு ஒன்றைக்கூடப் பாடாமல் இத்தகைய பாடல்களையே அவர் பாடியபோது எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆனாலும் ஆகஸ்டில் வெளியான இசைத்தட்டு அமெரிக்காவில் 3ஆம் இடம்வரை ஏறியது. அதன் முதல் பாட்டு, 1980இல் டிலனுக்குத் தனிப் பாடகராக முதல் கிராமி விருதைத் தந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் டிலன் மீண்டும் மசில் ஷோல்ஸ் போனார். தயாரிப்பாளர்கள் அதே வெக்ஸ்லரும் பெக்கெட்டும். இந்த முறை தம்மோடு ஊர் ஊராகச் சுற்றிய குழுவையே கூட்டி வந்தார்: டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னர், ஆர்கனுக்கு ஸ்பூனர் ஓல்டம், பேஸுக்கு மறுபடியும் டிரம்மண்ட். மாதக்கணக்கில் மேடையில் பாடிப் பழகிய பாடல்கள். அவற்றில் விசுவாசம் முன்னதைவிடக் கூடுதல், சந்தேகத்துக்கே இடமில்லை. பயணங்களுக்கு நடுவே கிடைத்த ஐந்து நாட்களில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். 'சேவ்ட்' என்று வெளிவந்த அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் 24ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. விற்பனை எனக்குப் பெரிதல்ல. மேடைப் பதிவுகளில் தீயாக எரியும் அதே பாடல்கள் இதில் களைத்துக் கேட்கின்றன. வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று வழிவிடத் தவிக்கின்றன. அந்தப் பாடல்களுக்கும் யாராவது முதல் நாளே ஒரு பாட்டைப் பலமுறை வாசிக்க வைத்து, குரலைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வெக்ஸ்லர் அங்கேதான் இருந்தார், நாட்கள்தான் போதவில்லை.