அடிக்காதீர்கள், தனித்தாளில் எழுதுங்கள்

"ஒரே ஒரு வரிதான் சார். பேனாவால அடிச்சுட்டு மேல எழுதிடட்டுமா?" என்று உயிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் அநேகம். அடிக்க வேண்டாம் என்பதே என் முதல் பதில். எழுதி முடித்த உயிலில் செய்யும் திருத்தத்துக்கும் உயிலுக்குரிய கையெழுத்தும் சாட்சியும் வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 71ஆம் பிரிவு. அத்தனையும் செய்வதற்குத் தனியாகக் கோடிசில் எழுதிவிடலாம். உயிலை விளக்க, மாற்ற, அதில் எதையாவது சேர்க்க எழுதும் துணை ஆவணம் அது. சட்டத்தின் கண்ணில் உயிலின் ஒரு பகுதி. முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை; மூல உயில் பதிவாகியிருந்தால் இதையும் பதியச் சொல்வேன்.

சாட்சிகள் குறைந்தது இருவர். பழைய உயிலில் கையெழுத்திட்டவர்களே வர வேண்டுமென்பதில்லை. எழுதியவரைவிட வயதில் இளையவர்களாகப் பார்த்துக் கூட்டிவரச் சொல்வேன். நாளை வழக்கென்று வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டுமே!

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். எந்தத் தேதியிட்ட உயில், எந்த ஷரத்து, அதற்குப் பதில் என்ன. பிறகு, 'மற்ற ஷரத்துகள் யாவும் மாறுதலின்றி அமலில் இருக்கும்'. இந்தக் கடைசி வரி விடுபட்ட கோடிசில்களைப் பார்த்திருக்கிறேன். பழைய உயில் செல்லுமா செல்லாதா என்று பங்காளிகள் சண்டை போட அது ஒன்றே போதும்.

நிர்வாகியை மாற்ற, புதிதாக வாங்கிய மனையைச் சேர்க்க, பேத்திக்கு நகை கொடுக்கக் கோடிசில் நல்லது. யாருடைய பங்கையாவது குறைப்பதென்றால் நான் புது உயில்தான் எழுதச் சொல்வேன். கோடிசில் பழையதை மறைக்காது. எழுதியவர் காலமான பின் இரண்டு தாளையும் சேர்த்துத்தான் படிப்பார்கள். முதலில் தனக்கு வீடு கிடைத்ததையும் பிறகு அது பறிபோனதையும் மகள் ஒரே மூச்சில் படிக்க நேரும்.

இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "படிக்கட்டும் சார். அவனுக்குத் தெரியணும்னுதானே எழுதுறேன்" என்றார், மூத்த மகனைப் பற்றி. அவர் சொத்து, அவர் விருப்பம். "அப்போ காரணத்தையும் எழுதிடுவோம்யா" என்றேன். பெற்ற பிள்ளையைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கினால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அவர் சொன்ன காரணம் அரை மணி நேரம் ஓடியது. வசவுகளைக் கழித்து மூன்று வரியில் எழுதினேன்.